வாடகை வீட்டுக்கு முதலில் எது: பூட்டா, கேமராவா, காவலாளா, ஸ்மார்ட் பூட்டா?

வாடகைக்கு வீடு விட்டிருப்பவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கும்போது கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் வருகிறது. தாம்பரம் பக்கம் மூன்று போர்ஷன் வைத்திருப்பவரும், கோயம்புத்தூரில் ஒரே ஒரு அடுக்குமாடி வீட்டை விட்டுவிட்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவரும், "நாலு கேமரா போட்டுவிட்டால் போதுமா, இல்லை வாட்ச்மேன் வைக்க வேண்டுமா" என்றே தொடங்குகிறார்கள். கதவில் என்ன பூட்டு இருக்கிறது, அதன் சாவி இதுவரை எத்தனை பேர் கைக்குப் போய் வந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை.

சொந்த வீட்டையும் வாடகை வீட்டையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது. சொந்த வீட்டில் பணம் செலவழிப்பவரும் குடியிருப்பவரும் ஒருவரே. வாடகை வீட்டில் செலவு ஒருவருடையது, நகையும் லேப்டாப்பும் குழந்தைகளும் இன்னொருவருடையவை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து ஒரு குடும்பம் போய் இன்னொரு குடும்பம் வருகிறது, பழைய சாவியே புதியவர்களிடம் கொடுக்கப்படுகிறது. ஆகவே வாடகை வீட்டில் முதல் ரூபாய் கதவுக்கும் சாவிக்கும்தான் போக வேண்டும், மற்றவை எல்லாம் அதன் பிறகுதான் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே வைக்கிறேன். எந்தச் சூழலில் இந்த வரிசை மாறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## எந்த அளவுகோல்களால் அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, வாங்கப்போகும் பொருள் திருட்டைத் தடுக்கிறதா, நடந்து முடிந்ததைப் பதிவு மட்டும் செய்கிறதா என்பது. இரண்டும் பயனுள்ளவைதாம். ஆனால் தடுப்பதற்கென்று ஒதுக்கிய பணத்தைப் பதிவுக்குச் செலவழித்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்தானது.

அடுத்தது, குடிமாறும்போது அந்தப் பாதுகாப்பு மிஞ்சுகிறதா என்பது. பழைய குடித்தனக்காரர், அவருடைய உறவினர், அவர் வீட்டில் வேலை செய்தவர், ஒரு முறை வந்து போன தச்சர் என்று யாரிடமும் நுழையும் வழி தங்கிவிடக் கூடாது.

மூன்றாவது அளவுகோல்தான் பலரும் மறந்துவிடுவது: கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது? வாடகைக்கு விட்ட பிறகு அந்த வீட்டுக்குள் உரிமையாளர் நினைத்தபோது நுழைய முடியாது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, பழுது பார்க்கவோ பார்வையிடவோ உள்ளே செல்ல வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எனவே குடியிருப்பவரைக் காக்கும் ஏற்பாடு அவரைக் கண்காணிக்கும் ஏற்பாடாக மாறிவிடாமல் இருக்கிறதா என்பதையும் நிறுத்துப் பார்த்தாக வேண்டும்.

மற்றவை பணமும் பருவமும். ஒரு முறை போடும் செலவா, மாதாமாதம் வருவதா, அதை எத்தனை வீடுகளுக்குப் பிரிக்க முடியும் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். மின்வெட்டிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும், கடலோர உப்புக்காற்றிலும் அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

## பூட்டும் கதவும்

நம் ஊர் வீடுகளில் திருடர்கள் நுணுக்கமாகப் பூட்டைத் திறந்து நுழைவது அரிது. கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்புவதுதான் வழக்கம். நெம்பும்போது முதலில் விட்டுக்கொடுப்பது பூட்டு அல்ல, அதைத் தாங்கும் கொண்டியும் நாதாங்கியுமே. கதவில் ஆல்ட்ராப் (பூட்டு மாட்டுகிற நீளமான தாழ்ப்பாள்) போட்டு, அதில் எட்டு லிவர் பூட்டை மாட்டியிருப்பார்கள். அந்த ஆல்ட்ராப்போ முக்கால் அங்குல ஸ்க்ரூ நான்கில் நின்றுகொண்டிருக்கும். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் உறுதியைப் பற்றிப் பெருமைப்பட நமக்கு எல்லாக் காரணமும் உண்டு. ஆனாலும் எவ்வளவு நல்ல பூட்டும் அது தொங்குகிற கொண்டியின் பலத்துக்கு மேல் தாங்காது.

வெளியே தொங்கும் பூட்டுக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவில் போகிற எவருக்கும் அது அறிவித்துவிடுகிறது. கதவுப் பலகைக்குள் பதிக்கும் மார்ட்டைஸ் பூட்டில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளிருந்து பூட்டியிருக்கிறதா, வெளியிலிருந்து பூட்டியிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. குடும்பத்தோடு ஊருக்குப் போகும் குடித்தனக்காரருக்கு இந்த ஒரு வசதியே பெரிது.

வாடகைக்கு விடுபவர் மார்ட்டைஸ் பூட்டைத் தேர்ந்தெடுக்க இதைவிட முக்கியமான காரணம் அதன் சிலிண்டர். சாவி நுழையும் அந்தச் சிறிய உருளையை மட்டும் தனியாக மாற்ற முடியும். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பார்த்தால், தாழ் வெளியே வரும் தகட்டில், சாவித் துளைக்கு நேராக ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாவியை நுழைத்துச் சற்றே திருப்பினால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு உருளையோடு ஒரே கோட்டுக்கு வரும். அப்போது இழுத்தால் உருளை முழுதாகக் கையோடு வந்துவிடும். புதிய உருளையை அதே வழியில் நுழைத்து ஸ்க்ரூவை முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிடத்துக்குள் பழைய சாவிகள் அனைத்தும், எங்கே எந்தக் கடையில் எடுத்த நகல்கள் ஆனாலும், செல்லாதவையாகிவிடுகின்றன.

வாங்கும்போது நீளத்தை அளந்து வாங்க வேண்டும். உருளை கைப்பிடித் தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து முறித்துவிட முடியும். தகட்டோடு தகடாக, அதிகம் போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே வெளியே தெரிய வேண்டும். தாழ் போய் விழும் கதவு நிலைச் சட்டத்திலும் கவனம் தேவை. நிலையில் அடித்திருக்கும் தகட்டுக்கு நீளமான ஸ்க்ரூ போட்டு, அது நிலையின் மரத்துக்குள் நன்றாக இறங்கும்படி செய்ய வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம், இதைச் செய்யும் உரிமையாளர்களும் மிகச் சிலரே.

செலவைப் பொறுத்தவரை, நல்ல நிறுவனத்தின் சிலிண்டர் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய் வரை, முழு மார்ட்டைஸ் செட் 3,000 முதல் 7,000 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் மாறும். மறைந்திருக்கும் செலவு, ஒவ்வொரு குடிமாற்றத்துக்கும் சிலிண்டர் மாற்றுவது. இதைச் சிலர் வீண் செலவாக நினைக்கிறார்கள். ஒரு மாத வாடகையில் ஒரு சிறு பங்குதான் அது. நான்கு போர்ஷன் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒரு சிலிண்டர் வாங்கி வைத்து, காலியாகும் வீட்டின் சிலிண்டரை இன்னொரு வீட்டுக்குச் சுற்றி மாற்றினால் செலவு இன்னும் குறையும். அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் பழுது வேலைகள் இரு தரப்புக்கும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கதவு, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றின் குமிழ்களையும் பூட்டுகளையும் மாற்றுவது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, குடியிருப்பவரின் பொறுப்பில் வருகிறது. குடியிருக்கும் காலத்தில் பழுதாகும் பூட்டுக்கு அது நியாயமே. குடிவரும் முன் சாவியைச் செல்லாததாக்குவது உரிமையாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் முந்தைய குடித்தனக்காரரை அங்கே வைத்தவர் அவர்தான்.

பால்கனி, ஜன்னல் கிரில்களைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. முழுவதும் வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால் தீ விபத்தின்போது குடும்பம் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒரு கிரிலையாவது உள்பக்கம் பூட்டித் திறக்கும் அமைப்பில் செய்து, அதன் சாவியைச் சிறுவர்களுக்கும் தெரியும் இடத்தில் மாட்டிவைக்கச் சொல்ல வேண்டும்.

## கேமரா

சென்னையில் 2017க்குப் பிறகு மாநகரக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத் தெருவாகக் கேமரா வைக்கச் செய்த முயற்சி, தனியார் கட்டடங்களிலும் அந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது. குற்றம் நடந்த பிறகு ஆளை அடையாளம் காண்பதில் கேமராவின் பயனை யாரும் மறுக்க முடியாது. வாசலில் கேமரா இருப்பதைப் பார்த்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும் திருடனும் இருப்பான். ஆனால் முகத்தில் துணி கட்டி வருபவனைக் கேமரா நிறுத்தாது.

நான்கு கேமரா, பதிவுக் கருவி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், வயரிங் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடியும். இந்த விலைப்பட்டியலில் வராத ஒன்று நாள் கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் நான்கும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 86 ஜிகாபைட் எழுதும். ஒரு டெராபைட் டிஸ்க் பதினொன்று, பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேல் புதியதை எழுதத் தொடங்கிவிடும். மே விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வந்து பீரோ உடைந்திருப்பதைப் பார்க்கும்போது, திருட்டு நடந்த இரவின் பதிவு அழிந்து போயிருக்கும். ஆகவே இரண்டு டெராபைட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். பதிவின் அளவைக் குறைக்கும் புதிய முறையில் இயங்கும் கருவியா என்றும் கேளுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு மாதத்துக்கு மேல் பதிவு நிற்கும்.

மின்செலவும் உண்டு. கருவியும் கேமராக்களும் சேர்ந்து 40 வாட் இழுத்தால் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 58 யூனிட். இதைப் பொதுப் பயன்பாட்டு இணைப்பில் கொடுக்க வேண்டும், அந்த இணைப்புக்கு வீட்டு இணைப்பின் 100 யூனிட் இலவசம் கிடையாது. ஒரு குடித்தனக்காரரின் மீட்டரிலிருந்து வயர் இழுத்துவிட்டால் அது வழக்கு வரை போகிற சண்டை. மின்வெட்டு நேரத்துக்குச் சிறிய யு.பி.எஸ். இல்லாவிட்டால், தெருவே இருட்டாக இருக்கும் அந்த நேரத்தில் கேமராவும் கண்மூடிவிடும்.

பொருத்தும் இடம் தவறினால் இத்தனை பணமும் வீண். வாசலுக்கு எதிரே வெளிச்சம் இருந்தால் உள்ளே வருபவரின் முகம் கறுப்பு நிழலாகத்தான் பதியும். இரவுப் பார்வைக்கு விளக்கொளி வீசும் கேமராவின் முன்னால் சிலந்தி ஒரு நூல் கட்டினால் போதும், அந்த ஒளி நூலில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாகிவிடும். மாதம் ஒரு முறை துடைப்பத்தால் தட்டிவிட ஆள் வேண்டும். பெரும்பாலான வாடகைக் கட்டடங்களில் அந்த ஆள் யார் என்பது முடிவாவதே இல்லை.

இணையத்தோடு இணையும் கேமரா வாங்குபவர்கள், அரசு ஆய்வகச் சோதனையில் தேறிய மாடலா என்று பார்த்து வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் அது கட்டாயமாகியிருக்கிறது, ஆனாலும் பழைய சரக்கு கடைகளில் இருக்கலாம். பொருத்துபவர் விட்டுச் செல்லும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும்.

இனி கட்டுப்பாட்டுக் கேள்வி. கேட், படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடிக் கதவு ஆகிய பொது இடங்களில் கேமரா வைக்கலாம். குடித்தனக்காரரின் வாசற்கதவு திறந்தால் கூடம் தெரியும்படி வைக்கக் கூடாது, வீட்டுக்குள் வைப்பது பற்றிய பேச்சே வேண்டாம். பெண்களை அந்தரங்கச் சூழலில் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இத்தகைய அத்துமீறலைத் தண்டிக்கிறது. கூட்டாகக் குடியிருக்கும் வீட்டின் வசிப்பிடப் பகுதியில் மற்றவரின் சம்மதம் இல்லாமல் கேமரா இயக்கக் கூடாது என்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. சட்டத்தை விடுங்கள். தன் மகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்பதை ஹவுஸ் ஓனர் வேறு ஊரிலிருந்து ஃபோனில் பார்க்கிறார் என்று தெரிந்தால் எந்தக் குடும்பமும் அங்கே மனம் ஒப்பி இருக்காது. கேமரா வைத்திருப்பதை எழுதி ஒட்டுங்கள். பதிவைப் பார்க்கும் உரிமை யாருக்கு, எந்தச் சமயத்தில் என்பதையும் குடியிருப்பவர்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

## காவலாள்

நான்கு வழிகளிலும் யோசித்துச் செயல்படக் கூடியது இது ஒன்றுதான். கூரியர் பையன் யார், புதிய ஆள் யார், நள்ளிரவில் மோட்டார் அறைப் பக்கம் சத்தம் ஏன் என்று கேட்க மனிதரால் மட்டுமே முடியும். சிக்கல் செலவில் இருக்கிறது.

முழுநாளும் காவல் வேண்டுமானால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு இரண்டு பேர் தேவை. ஏஜென்ஸி ஆள் ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் 36,000, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 42,480. நான்கு வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 10,620, இருபத்து நான்கு வீடுகளுக்குப் பிரித்தால் 1,770. இந்தக் கணக்கே முடிவைச் சொல்லிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் குறைந்த கட்டடத்தில் முழுநேரக் காவல் கட்டுப்படியாகாது. இரவு ஒரு ஷிப்டு மட்டும் வைத்துக்கொள்வது நடுவழி.

ஏஜென்ஸி வழியே எடுத்தால், 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கி வையுங்கள். விலை மிகக் குறைவாக இருந்தால், பிடித்தம் செய்யும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்மையில் கட்டப்படுகிறதா என்ற சந்தேகம் எழ வேண்டும். நேரடியாக ஒருவரை வைத்துக்கொண்டால் செலவு குறையும், ஆனால் அவர் ஊருக்குப் போகும் நாளில் மாற்று ஆளைத் தேடுவது உங்கள் வேலை. காவலாளுக்கு உட்கார நாற்காலி, மழை படாத இடம், கழிப்பறை ஆகியவற்றைச் செய்துதராத கட்டடங்களில் யாரும் மூன்று மாதம் தங்குவதில்லை. அடிக்கடி ஆள் மாறும் வாசலில், யார் உள்ளே வருகிறார் என்பது காவலாளுக்கே தெரியாமல் போகிறது. இந்தச் செலவையும் மரியாதையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

## ஸ்மார்ட் பூட்டு

கைரேகை, எண் குறியீடு, அட்டை, ஃபோன் என்று பல வழிகளில் திறக்கும் பூட்டுகள் ஏறத்தாழ 8,000 முதல் 25,000 ரூபாய் வரை கிடைக்கின்றன. குடிமாற்றத்தைப் பொறுத்தவரை இவற்றுக்கு இணையில்லை. பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் போட்டால் போதும், சிலிண்டரும் தேவையில்லை, சாவி போடுகிறவரும் தேவையில்லை. மாதக்கணக்கில் அறை விடுபவர்களுக்கும், குறுகிய காலத்துக்கு வீடு விடுபவர்களுக்கும் இதன் அருமை நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்தப் பூட்டில் தலைமை அனுமதி, அதாவது எண்களையும் கைரேகைகளையும் சேர்க்கவும் நீக்கவும் உள்ள அதிகாரம், யாரிடம் இருக்கிறது என்பதே எனக்குள்ள பெரிய கவலை. உரிமையாளரின் ஃபோனிலிருந்து கதவைத் திறக்க முடியும் என்றால், அவர் ஒரு நாளும் திறக்காவிட்டாலும், வீட்டில் ஏதாவது காணாமல் போன அன்று சந்தேகத்துக்கு உள்ளாகும் முதல் ஆள் அவர்தான். யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவேடும் அவர் ஃபோனில் சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே குடிவந்த அன்றே தலைமை அனுமதியைக் குடியிருப்பவரின் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, காலி செய்யும் அன்று கருவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பி, கைரேகைகள் அழிந்ததை அவர் முன்னிலையிலேயே காட்டிவிடுவது இருவருக்கும் நல்லது.

பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டு இதைப் பாதிக்காது. பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனையோ, அவசரச் சாவியோ இருக்கும் மாடலை மட்டுமே வாங்க வேண்டும். அந்த அவசரச் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வெயிலும் சாரலும் நேரடியாகப் படும் கதவுகளிலும், கடற்கரையை ஒட்டிய வீடுகளிலும் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வயதானவர்களின் தேய்ந்த விரல்ரேகையைச் சில கருவிகள் ஏற்பதில்லை, அதனால் வீட்டிலிருக்கும் பாட்டி வாசலிலேயே நிற்க நேரும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பூட்டும் கதவும் | கேமரா | காவலாள் | ஸ்மார்ட் பூட்டு |
|---|---|---|---|---|
| தடுக்கிறதா, பதிகிறதா | தடுக்கிறது | முக்கியமாகப் பதிகிறது | ஆளைப் பொறுத்துத் தடுக்கிறது | கதவும் நிலையும் உறுதியானால் தடுக்கிறது |
| குடிமாறும்போது | சிலிண்டர் மாற்ற வேண்டும் | மாற்றம் தேவையில்லை | புதியவரை அறிமுகம் செய்ய வேண்டும் | எண்ணை மாற்றினால் போதும் |
| குடியிருப்பவரின் அந்தரங்கம் | தொல்லை இல்லை | இடத்தைப் பொறுத்தது | ஓரளவு | தலைமை அனுமதி யாரிடம் என்பதைப் பொறுத்தது |
| மாதச் செலவு | இல்லை | மின்சாரம், பராமரிப்பு | மிக அதிகம் | பேட்டரி மட்டும் |
| மின்வெட்டு, மழை | பாதிப்பு இல்லை | யு.பி.எஸ். வேண்டும் | பாதிப்பு இல்லை | மழை, உப்புக்காற்று ஆகாது |

## எந்த வீட்டுக்கு எது

கீழே உரிமையாளரும் மாடியில் ஒரு குடும்பமும் இருக்கும் வீட்டில் மார்ட்டைஸ் பூட்டும், படிக்கட்டு அடியில் தானாக எரியும் விளக்கும் போதும். அங்கே உரிமையாளரின் இருப்பே பெரிய காவல். கேமரா வைத்தால் கேட்டை நோக்கி ஒன்று வையுங்கள், மாடிக் கதவை நோக்கி வேண்டாம்.

மூன்று முதல் எட்டு போர்ஷன் உள்ள, உரிமையாளர் வேறிடத்தில் வசிக்கும் கட்டடத்துக்கு எல்லாக் கதவுகளிலும் சிலிண்டர் பூட்டு முதலில், பொது இடங்களில் கேமரா அடுத்து. கையில் முப்பதாயிரம்தான் இருக்கிறது என்றால் கதவுகளை முடித்துவிட்டு, மிஞ்சுவதில் கேட்டுக்கும் படிக்கட்டுக்குமாக இரண்டு கேமரா வாங்குவது, பழைய கதவுகளை அப்படியே விட்டு எட்டுக் கேமரா வாங்குவதைவிடப் பல மடங்கு மேல்.

பெரிய அடுக்குமாடியில் ஒரே ஒரு வீடு வைத்து வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்குக் காவலாளும் பொதுக் கேமராவும் சங்கத்தின் பொறுப்பு. அவர் தன் கதவை மட்டும் பார்த்தால் போதும். இவர்களுக்கு ஸ்மார்ட் பூட்டு பொருத்தமாக இருக்கும், ஏனென்றால் சாவியை யார் மூலம் கொடுத்தனுப்புவது என்ற தலைவலி தீர்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் போல அறை அறையாக விடுபவர்களுக்கும் அதுவே ஏற்றது, அங்கே இரவுக் காவலாளும் கட்டுப்படியாகும். மகளிர் விடுதி நடத்துவோருக்கு 2014ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் உரிம நிபந்தனைகளும் இருப்பதால், அவர்கள் அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

## ஒப்பந்தத்திலும் காப்பீட்டிலும் பார்க்க வேண்டியவை

நான்கில் எதைத் தேர்ந்தாலும் குடிவருபவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்த, வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் போலீஸ் என்கவுன்ட்டரில் இறந்ததைத் தொடர்ந்து, வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தரும்படி சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. இன்று தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். குடிவருபவரின் மதம், சாதி, ஊர் பற்றிய விசாரணைக்கு இதை ஒரு சாக்காக்கிக் கொள்வது தவறு. அடையாளம், வேலை, முந்தைய முகவரி ஆகிய மூன்றும் போதும்.

எத்தனை சாவி கொடுக்கப்பட்டது என்பதை எண்ணிக்கையோடு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உரிமையாளரிடம் ஒரு சாவி இருந்தே ஆக வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், அதை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குடித்தனக்காரரின் கையொப்பத்தை வாங்கி வைப்பது நல்ல ஏற்பாடு. அந்த உறை கிழியாமல் இருக்கும்வரை உங்கள் மேல் யாரும் பழி சொல்ல முடியாது.

காப்பீட்டைப் பற்றிப் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கானது. அத்தகைய விபத்தைத் தொடர்ந்து ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே அது ஏற்கும். சாதாரணத் திருட்டுக்குத் தனி பாலிசி தேவை. உரிமையாளர் எடுக்கும் காப்பீடு குடித்தனக்காரரின் நகைக்கும் பொருளுக்கும் பொருந்தாது என்பதையும், அவர் தன் பொருள்களுக்குத் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் குடிவரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

## வீடு காலியாகக் கிடக்கும் வாரங்கள்

ஒரு குடும்பம் போய் இன்னொன்று வரும் இடைவெளியில்தான் வாடகை வீடு அதிகம் இழக்கிறது. அந்த நாள்களில் களவு போவது நகையல்ல. மோட்டார், பித்தளைக் குழாய்கள், செம்பு வயர், ஏ.சி.யின் வெளிப்பகுதி ஆகியவையே போகும். வீடு பார்க்க வருபவர்களுக்குச் சாவியைப் புரோக்கரிடம் விட்டுவைக்கும் பழக்கம் இதற்கு வழிசெய்கிறது. ஆகவே சிலிண்டர் மாற்றும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: பழையவர் காலி செய்த அன்றே அவருடைய சிலிண்டரைக் கழற்றி, வெள்ளையடிப்பவருக்கும் புரோக்கருக்கும் என்று வைத்திருக்கும் சிலிண்டரைப் போடுங்கள். புதியவர் அட்வான்ஸ் கொடுத்துச் சாமான் இறக்கும் நாளில் அதைக் கழற்றிவிட்டு, அவருக்கான சிலிண்டரை அவர் கண் முன்னால் பொருத்தி, பிரிக்கப்படாத உறையிலிருந்து சாவிகளை எடுத்து எண்ணி அவர் கையில் கொடுங்கள்.